கால் பங்குக்கு மேலே

தையல்காரம்மா வீட்டுக் குளியலறையில் முதல் தடவை சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறி வந்தபோது, அடுத்த கட்டடத்தில் இருந்த உணவகத்தை யாரும் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்கு மருமகள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் அவள் நினைப்புதான் வந்தது.

உணவகத்தின் சமையலறையைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலாளி அவளுடைய சொந்தத் தம்பி. அவன் அக்கா என்று கூப்பிட, அடுப்பில் நிற்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், காய்கறி கொண்டுவந்து இறக்குகிறவர் என்று எல்லாருக்கும் அவள் அக்கா ஆகிப்போனாள். தையல்காரம்மா அவளைவிட நாலு வயது மூத்தவள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான்தான் உங்களை அக்கான்னு சொல்லணும்" என்று இவள் சிரித்தால், "ஊரே ஒரு பேரு வெச்சிருக்கு, நான் மட்டும் எதுக்கு மாத்தணும்?" என்பாள்.

சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சிமெண்டு முற்றம். அதில் இரண்டு இரும்பு மூடிகள். அவற்றுக்குக் கீழேதான் கொழுப்புத் தொட்டி இருந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அத்தனையும் முதலில் அதற்குள் விழும். உள்ளே வேகம் அடங்கி ஆறும்போது எண்ணெயும் கொழுப்பும் மிதந்து மேலே ஆடை கட்டும். எச்சில் துணுக்குகள் அடியில் வண்டலாகப் படியும். நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியாகச் சந்துச் சாக்கடைக்குப் போகும். மேல் ஆடையும் அடி வண்டலும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கைத் தொட்டுவிட்டால் உறிஞ்சு லாரியைக் கூப்பிட்டுக் காலி செய்துவிட வேண்டும் என்பது சட்டம். திங்கள்தோறும் கோலை விட்டு அளந்து, ரெஜிஸ்டரில் தேதியும் அளவும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அக்காவுடையது.

முதல் இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாலு வாரத்துக்கு ஒரு தடவை லாரி வந்தது. ஆனால் அது பகலில்தான் வரும். சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் கிளம்புகிற நாற்றம் சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலில் காத்திருப்பவர்கள் மூக்குவரை போகும்.

"பாதிப் பேர் தட்டை வெச்சிட்டு எழுந்து போறாங்க அக்கா. இந்தத் தடவை வேணாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி.

அடுத்த வாரத்துக்கு ஒரு அடுத்த வாரம் இருந்தது. நாலு வாரம் ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு விற்பனையாள் நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாரம் ஒரு குவளை தொட்டியில் ஊற்றினால் போதும், கொழுப்பு தானாகக் கரைந்துவிடும், லாரியே வேண்டாம் என்றான். தம்பிக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

கடைசியாக வந்தபோது லாரிக்காரர் அந்தக் கேனைப் பார்த்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "கரையும், இல்லைங்கல. ஆனா காணாம போகாது அக்கா. சுடுதண்ணியோட இளகித் தொட்டியைத் தாண்டிடும். அந்தப் பக்கம் போய் ஆறினதும் மறுபடி கட்டிக்கும். இங்க கிடந்தா என் குழாய்க்கு எட்டும். அங்க போய் உக்காந்துக்கிட்டா யாருக்கு எட்டும்? அதனாலதான் இதை ஊத்தக் கூடாதுன்னே விதி போட்டிருக்கான்."

அவள் இதைத் தம்பியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "அவர் பொழைப்பே லாரிதானே. கேனைப் பாத்தா அவருக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்."

அது சரியான பேச்சு போலத்தான் அவளுக்கும் பட்டது. சரியாகப் படுவது வசதியாகவும் இருந்தது. திங்கள்கிழமைதோறும் அவளே ஒரு குவளை ஊற்றினாள். மூடியைத் தூக்கிப் பார்த்தால் மேலே ஆடை இல்லை, தொட்டி சுத்தமாகத் தெரிந்தது. பிறகு கோல் விடுவதையும் நிறுத்தினாள். ரெஜிஸ்டரில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு என்று எழுதினாள். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் எழுதினாள். வராத லாரிக்கும் தேதி போட்டாள். பின்னால் நினைத்துப் பார்த்தபோது, பொய்யைவிட அந்தக் கூட்டிக் குறைத்த சாமர்த்தியம்தான் அவளை அதிகம் கூச வைத்தது.

தையல்காரம்மா சமையலறைக்கு மேலங்கிகள் தைத்துக் கொடுப்பவள். குளியலறையில் தண்ணீர் ஏறிய மூன்றாம் நாள், பின்கதவு வழியாக வந்து துணிக்கட்டை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக் கூத்தைக் கேளுங்க அக்கா. குளிக்கப் போறேன், காலடியில கறுப்பா தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வருது. பிளம்பர் வந்து கம்பியை விட்டு இழுத்தா, கை நீளத்துக்கு வெள்ளையா ஒரு கட்டி. மெழுகு மாதிரி. 'வீட்ல எண்ணெய்ச் சட்டியை அப்படியே கவுக்குறீங்களா அம்மா'ன்னு கேக்குறான். எனக்கு மானமே போச்சு."

அக்கா வெங்காயக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் முப்பது வருஷமா அந்த வீட்ல இருக்கேன். இப்படி ஒரு நாள் ஆனதில்ல. இப்ப ஆகுதுன்னா யாரால? சாயங்காலம் ஆனா எதையாவது பொரிக்கணும் அந்தப் பொண்ணுக்கு. வாயைத் தொறந்து கேட்டா, 'நான் ஊத்தல அத்தை'ங்குது. அப்ப நான் ஊத்துனேனா? என் தையல் மெஷின் ஊத்துச்சா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அக்காவும் உதட்டை அசைத்துவைத்தாள். கை நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டி எந்த வீட்டுச் சட்டியிலிருந்தும் வராது என்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உணவகத்துக் குழாயும் அந்த வீட்டுக் குழாயும் சந்தில் ஒரே சேம்பரில், மூடி போட்ட சாக்கடைக் குழியில், சேர்கின்றன. வீடு இரண்டு படி தாழ்வு. அந்தக் குழிக்கு அப்பால் எங்கே அடைத்தாலும் தண்ணீர் திரும்பி முதலில் ஏறுவது அந்த வீட்டுக்குள்தான்.

"எல்லாம் சரியாயிடும், விடுங்க" என்றாள்.

சரியாகவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏறியது. இந்தத் தடவை குளியலறையோடு நிற்காமல் தையல் அறைவரை வந்து, யாருடைய கல்யாணத்துக்கோ வெட்டி வைத்திருந்த பட்டுத்துணியை நனைத்துவிட்டது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சண்டையைக் கேட்டார்கள். தையல்காரம்மாவின் குரல் மட்டும் வந்தது. பெண்ணின் பதில் ஒன்றிரண்டு சொல்தான். நடுவில் மகன், "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்று கத்தினான். அவன் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான்.

மறுநாள் காலை மருமகள் பின்கதவுக்கு வந்தாள். வீட்டிலும் தெருவிலும் அவளைச் சிட்டு என்பார்கள். ஆள் அப்படித்தான் இருப்பாள், சின்னதாக, ஓர் இடத்தில் நிற்காமல். அன்றைக்கு அசையாமல் நின்றாள். கையில் மூடி போட்ட ஒரு டப்பா.

"அக்கா, ஒரு நிமிஷம். இதைப் பாருங்க. பொரிச்ச எண்ணெயை நான் இதுலதான் ஊத்தி வெக்கிறேன். ரொம்பினதும் குப்பையில போட்டுடுவேன். எங்க அம்மா அப்படித்தான் பழக்கினாங்க. ஒரு சொட்டுகூடப் பாத்திரத் தொட்டியில ஊத்தினதில்ல."

"ம்."

"இவ்வளவு பெரிய சமையக்கட்டைப் பாத்துக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டு எண்ணெய்ல அவ்வளவு பெரிய கட்டி வருமா? நீங்க ஒரு வார்த்தை அத்தைகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா எடுபடல. நீங்க சொன்னா கேப்பாங்க."

அடுப்பில் ஏதோ பொங்கியது. அக்கா திரும்பி அதை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம்.

"பழைய குழாய்ம்மா" என்றாள். "எதனாலன்னு யாரு கண்டா. மாமியார் மருமகள்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். மனசுல வெச்சுக்காதே. போகப் போகச் சரியாயிடும்."

சிட்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் தையல்காரம்மா அவளை ஒரு சொல் சொல்லிவிட்டாள். 'வளர்ப்பு சரியில்ல' என்று ஆரம்பித்த அந்தச் சொல் பெற்ற தாய்வரை போய்விட்டது. சிட்டு பதில் பேசாமல் பையை எடுத்து அடுக்கி, பேருந்து ஏறி அம்மா வீட்டுக்குப் போனாள். மகன் இரண்டு நாள் அங்கே போய் நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். அவள் நாலு மாதக் கர்ப்பம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திங்கள்கிழமை அக்கா நீலக் கேனைத் தொடவில்லை. இரண்டு ஆட்களை வைத்து மூடியைத் தூக்கி, மாதக் கணக்கில் எடுக்காத கோலை உள்ளே விட்டாள். மேலே மெல்லிய படலம்தான். ஆனால் கோல் பாதி ஆழத்திலேயே நின்றது. அடி வண்டல் கல் மாதிரி இறுகியிருந்தது. விளக்கை உள்ளே காட்டிப் பார்த்தபோது வெளிக்குழாயின் வாய் தெரிந்தது. கை நுழைகிற அகலமுள்ள குழாய் அது. சுற்றிலும் வெள்ளையாகக் கட்டி, நடுவில் இரண்டு விரல் போகிற ஓட்டைதான் மிச்சம் இருந்தது.

தம்பி முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"லாரியைக் கூப்பிடு. இன்னைக்கே. சந்துக் குழாயையும் சேர்த்துச் சுத்தம் பண்ணச் சொல்லு. அந்த வீட்டுக்குப் போய் நம்மாலதான்னு சொல்லிட்டு வருவோம்."

"நம்மாலதான்னு யாரு சொன்னது?"

"நான் பாத்துட்டு வரேன்டா."

அவன் தாளை மடித்தான். "லாரியைக் கூப்பிடலாம். ஆனா வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டா கதையே வேற. நகராட்சி ஆபீஸ்ல இருந்து வருவாங்க, சீல் வெப்பாங்க, ரெஜிஸ்டரைக் கேப்பாங்க. ரெஜிஸ்டர்ல யார் கையெழுத்து இருக்கு?"

அவள் ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள்.

"உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன். அந்த வீட்ல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே ஆகாது. இது இல்லன்னா உப்பு கூடிப்போச்சுன்னு சண்டை வந்திருக்கும். குளியலறைத் தண்ணிக்காக ஒரு குடும்பம் பிரியுமா அக்கா?"

"பிரிஞ்சிடுச்சேடா."

"மாமா போனப்புறம் உன்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு? ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இப்பச் சொல்லிட்டே" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. அவனும் அந்தச் சொல்லை விரும்பிச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து அவனைத் தெரியும். பயந்தால் அவனுக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற குணம்.

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவள் முன்வாசல் வழியாகவே இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

தையல்காரம்மா மெஷினில் இருந்தாள். தரையில் ஈரம் காயாமல் பழைய துணிகளைப் பரப்பி வைத்திருந்தது. "வாங்க அக்கா" என்றாள் தலை நிமிராமல்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, லாரி, கேன், திங்கள்கிழமைகள். நடுவில் எங்கோ மெஷின் நின்றது.

"எப்பத் தெரியும்?" என்றாள் தையல்காரம்மா.

"நீங்க வந்து கட்டியைப் பத்திச் சொன்ன அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா... நான் அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி."

"ஆமா."

"அவ உன்கிட்ட வந்து கேட்டாளா?"

"கேட்டா. நான் சொல்லல."

தையல்காரம்மா அவளை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் அதைக் கவனித்தார்கள். தையல்காரம்மா ஊசியிலிருந்து துணியை விடுவித்து, மடித்து, மறுபடி மடித்தாள்.

"நான் அவளை என்னவெல்லாம் சொன்னேன்னு உனக்குத் தெரியுமா? அவ அம்மாவை இழுத்துச் சொன்னேன். நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கே." குரல் உயரவில்லை. "போ. இங்க நிக்காதே. நான் எதையாவது எடுத்து அடிச்சிடுவேன்."

மறுநாளே தையல்காரம்மா நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அடுத்த நாள் ஆய்வாளர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான அம்மாள். அதிகம் பேசவில்லை. சந்தில் சேம்பரைத் திறந்து பார்த்தார். உணவகத்துப் பாத்திரத் தொட்டியில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு வாளி ஊற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் தையல்காரம்மா வீட்டுக் குளியலறையில் பச்சையாக ஏறியது. அதை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கைகழுவி, ரெஜிஸ்டரைக் கேட்டார்.

தம்பி சட்டென்று சொன்னான்: "மேடம், எழுதினதுல ஏதாவது தப்பு இருந்தா அது என்னோட தப்பு. முதலாளி நான்தான்."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"இது யார் கையெழுத்து?" என்றார் ஆய்வாளர்.

"என்னோடது" என்றாள் அக்கா. "எண்ணெல்லாம் அளக்காம எழுதினது. லாரி வராத தேதியும் இருக்கு. எதுன்னு காட்டுறேன்."

மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினாள். ஆய்வாளர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டார். பதினேழு வட்டம். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை முடித்துவிட்டுப் போகச் சொல்லி, அதன்பிறகு கதவில் காகிதம் ஒட்டினார்கள். பத்து நாள் மூடல். தொட்டியைக் காலி செய்து, சந்துக் குழாயை அழுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி வந்து பார்த்த பிறகுதான் திறக்கலாம். இனி ஒரு வருடத்துக்கு அளவெடுப்பதை வெளியாள் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

மூடியிருந்த நாட்களில் தம்பி அவளோடு பேசவில்லை. அவள் தங்கியிருந்த மாடியறைக்குச் சாப்பாடு வந்தது. தம்பி மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர் கோபம் உங்க மேல இல்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள். யார் மேல் என்று அக்கா கேட்கவில்லை.

நாலாம் நாள் தையல்காரம்மா தெருவில் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். "அவளைக் கூட்டிட்டு வரப் போறேன். நீயும் வா. நீ உன் வாயால சொல்லணும்."

ஒன்றரை மணி நேரப் பேருந்து. சிட்டுவின் அம்மா வீட்டில் இருவரையும் உள்ளே உட்கார வைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். சிட்டு சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தையல்காரம்மா மருமகளின் கையைப் பிடித்து, "நான் சொன்னதையெல்லாம் மறந்துடும்மா. எனக்குத் தெரியாம போச்சு. வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். சொல்லும்போதே தையல்காரம்மா அழுதாள்.

சிட்டு கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினாள்.

"அத்தை, இப்ப இவங்க வந்து சொன்னதால நம்புறீங்க. சொல்லாமலே இருந்திருந்தா? நான் இன்னும் அந்த வீட்ல பொய் சொல்றவதானே. நான் சொன்னப்ப நீங்க நம்பியிருக்கணும். குழாயில என்ன இருந்துச்சுங்கறது எனக்குப் பெரிசில்ல."

"வயசானவ, தெரியாம..."

"எனக்கு உங்க மேல கோபம் தீந்து போச்சு. ஆனா அந்த வீட்டுக்குள்ள கால் வெச்சா என் காதுல அந்த வார்த்தைதான் கேக்கும். அவர்கிட்ட தனியா ஒரு இடம் பாக்கச் சொல்லியிருக்கேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட நான் வந்தேன்ல அக்கா? டப்பாவை எல்லாம் தூக்கிக்கிட்டு. வர்றதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் யோசிச்சேன், யார்கிட்ட போறதுன்னு. உங்களைத்தான் நினைச்சேன்."

மன்னிப்பு என்ற சொல்லை அக்கா வழியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது அந்த அறைக்குப் போதாது என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னாள். சிட்டு தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

உணவகம் பதினொன்றாம் நாள் திறந்தது. ஒரு மாதத்தில் கூட்டம் பழையபடி ஆனது. தம்பி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான்; முதலில் சரக்கு, பிறகு ஆள் விடுப்பு, பிறகு வீட்டு விஷயம். அந்தக் காலையில் அவன் சொல்லிக் காட்டியதைப் பற்றியும், ஆய்வாளர் முன்னால் அவன் முந்திக்கொண்டு சொன்னதைப் பற்றியும் இருவரும் பேசியதே இல்லை. தையல்காரம்மாவின் மகன் நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துச் சிட்டுவைக் கூட்டிவந்தான். வாரம் ஒரு தடவை அம்மாவை வந்து பார்ப்பான். சிட்டு வருவதில்லை.

அதன்பிறகு ஒரு நாள் மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், தையல்காரம்மா முன்வாசல் வழியாக வந்து ஒரு மேசையில் உட்கார்ந்தாள். அத்தனை வருடத்தில் அவள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அக்கா தானே தட்டை எடுத்துவந்து வைத்தாள். போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"உக்காரு" என்றாள் தையல்காரம்மா.

உட்கார்ந்தாள்.

தையல்காரம்மா நாலு வாய் சாப்பிட்டாள். "அவளுக்கு ஏழு மாசம். மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இவனுக்கு வேலை. அவ அம்மாவுக்கோ முட்டி வலி. யாரு கூட போறான்னு தெரியல." தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "உன்னைக் கூப்பிட்டாளா?"

"இல்ல."

"என்னையும் கூப்பிடல."

பரிமாறுகிறவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"வர்ற வியாழக்கிழமை போவாளாம். மகன் வாய் தவறிச் சொன்னான்" என்றாள் தையல்காரம்மா. "ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கட்டுமா? உள்ள வரல, சும்மா நிக்கிறேன்."

"அவ வேணாம்னு சொன்னா?"

"சொன்னா திரும்பி வந்துடுறேன்." ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "நீயும் வர்றியா?" என்றாள்.

சிட்டு தன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றுதான் அக்கா நினைத்தாள். அதை எதிரில் நின்று பார்க்கத் தெம்பு இருக்கிறதா என்றும் நினைத்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.